பென்குயின்: கேட்டீர்கள், சொல்கிறோம்

கேள்வி: பென்குயின் என்றாலே பனிதானே? ஆப்பிரிக்க வெயிலில் எப்படிப் பிழைக்கிறது? (வாசகர், சிவகாசி)

பதில்: தரைதான் வெயில். தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் மேற்குக் கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டம் நல்ல குளிர்ச்சி. மத்தியும் நெத்திலியும் அங்கே கிடைக்கும். கண்ணுக்கு மேலே இறகில்லாத இளஞ்சிவப்புத் திட்டு இருக்கிறதே, உடம்பு சூடேறினால் அதில் ரத்தம் பாய்ந்து வெப்பம் வெளியேறும். கூட்டுக்குத்தான் திண்டாட்டம். தீவுகளில் மேடாகக் குவிந்த பறவை எச்சத்தில் வளை தோண்டி முட்டையிட்டு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். இப்போது பல பறவைகள் திறந்தவெளியில் அடைகாக்கின்றன. வெயில் பொறுக்காமல் கடலுக்கு இறங்கினால் முட்டையைக் கடற்காகம் தூக்கிவிடும். செயற்கைக் கூடுகளிலும் கண்ணாடியிழையில் செய்தவை உள்ளே கொதித்தன. அதனால் இரண்டு அடுக்கு வைத்து, இடையில் காற்றுப் போகிற கூடுகள் வந்தன.

கேள்வி: எண்ணெய் படிந்த பென்குயினுக்கு ஸ்வெட்டர் போட்ட படம் பார்த்தேன். குளிருக்கா? உடனே குளிப்பாட்டினால் என்ன? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: குளிருக்கும்தான். ஆனால் முக்கியமாக, அலகால் இறகைக் கோதி எண்ணெயை விழுங்காமல் தடுக்க. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் சிறு பென்குயின்களுக்குச் செய்தது அது. பின்னி அனுப்ப வேண்டாம், அவர்களிடம் தேவைக்கு மேல் இருக்கிறது.

வந்தவுடன் கழுவினால் பறவை அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். முதலில் கண், மூக்கைத் துடைத்து, எடை பார்த்து, குழாய் வழியாக வெதுவெதுப்பான உப்புக்கரைசலும், விழுங்கிய எண்ணெயை ஈர்க்கக் கரித்தூளும் கொடுப்பார்கள். தெம்பு வந்த பிறகே தொட்டி. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் கழுவுவார். தலைக்குப் பல் துலக்கும் பிரஷ். நீர் கறுத்தால் அடுத்த தொட்டி. கெட்டியான எண்ணெயைச் சமையல் எண்ணெய் தடவி முன்பே இளக்கிவிட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது அலசலில்தான். சோப்பு மிச்சமிருந்தாலும் இறகுக்குள் நீர் புகும், பறவை விறைத்துவிடும். பிறகு தினமும் நீந்தவிட்டு, உள் இறகு நனையாமல் இருந்தால்தான் கடலுக்கு. 2000 ஜூனில் கேப் டவுன் அருகே ‘டிரெஷர்’ கப்பல் மூழ்கியபோது சுமார் 19,000 பறவைகளை இப்படித் தேற்றினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500 பறவைகளைப் போர்ட் எலிசபெத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நீந்தித் திரும்புவதற்குள் கடலைத் துப்புரவு செய்துவிடலாம் என்ற கணக்கு பலித்தது.

கேள்வி: இவ்வளவு செய்தும் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் ஏன் குறைகின்றன? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சாப்பாடு இல்லை. பத்தாயிரம் ஜோடிகூட மிஞ்சாததால் 2024இல் ‘மிக அருகிய இனம்’ பட்டியலில் சேர்த்தார்கள். இறகு உதிரும் மூன்று வாரமும் நீர் புகும் என்பதால் கடலுக்குப் போகாது, முழுப் பட்டினி. அதற்கு முன் கொழுக்காத பறவை பிழைக்காது. மத்தி கிழக்கே நகர்ந்துவிட்டது. மிஞ்சியதைச் சுருக்குமடிப் படகுகள் வாரின. 2023இல் விதித்த தடை, பறவைகள் இரை தேடும் இடங்களைச் சரியாக மூடவில்லை. வழக்குப் போட்ட பிறகு, 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவாகவே ஆறு இடங்களைச் சுற்றிப் பத்தாண்டுத் தடை வந்தது. மீன் நகர்ந்ததை இது சரிசெய்யாது. ஆனாலும் கூட்டருகே போட்டி குறையும்.

கேள்வி: கேப் டவுன் போகிறோம். தொட்டுப் பார்க்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: கூடாது. அலகு பிளேடு மாதிரி. போல்டர்ஸ் கடற்கரையில் பலகைப் பாதையிலேயே நில்லுங்கள். இறகு பிய்ந்து, அசையாமல் நிற்பதை நோய் என்று நினைத்துக் கடலுக்கு விரட்டாதீர்கள். திரும்பும்போது காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். நிழலுக்கு அங்கே ஒதுங்கும்.