இணையம் இல்லாத கிராமத்து அரசுப் பள்ளி; ஆறு பழைய லேப்டாப்கள். மாணவர்களுக்கு உருப்படியாக என்ன கற்றுத் தரலாம்?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போனை நன்றாகக் கையாளும் பிள்ளைக்கும் இறக்கிய ஃபைல் எந்த ஃபோல்டரில் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் லேப்டாப்பைச் சரிபாருங்கள். பீரோவில் வருடக்கணக்கில் கிடந்ததென்றால், தேதி, நேரத்தை ஓடவைக்கும் சின்ன சிமாஸ் பேட்டரி செத்திருக்கும். தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். என்றைக்காவது போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டித் திறக்காது. நெட் கோளாறு என்று நினைத்து அலைவார்கள். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், ஆனால் சில மாடல்களில் ஒயரும் பின்னுமாக வரும். கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அதற்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் போடலாம்; 4 ஜிபி ராம் இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும்.

நெட் இல்லாத குறைக்கு, விக்கிப்பீடியாவை நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே ஃபைலாக நெட் உள்ள இடத்தில் இறக்கி எடுத்து வாருங்கள். ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யுங்கள்.

தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை முறை. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' தானாக வரும், 'ந', 'த' அடுத்தடுத்துத் தட்டினால் 'ந்த' வரும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டித் தமிழ் வரவழைப்பதே எளிது என்று சிலர் வாதாடுவார்கள். ஏற்கெனவே ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவருக்கு அது சரி. இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது விண்ணப்பம் நிரப்பும் பயிற்சிக்கு. வங்கி வேலைக்குத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். போனில் எடுத்த படமோ சில எம்பி இருக்கும். கேபிளில் இணைத்து ஃபைலை எடுக்கட்டும். முதலில் வேண்டாத ஓரங்களை வெட்டி, பிறகு 200க்கு 230 பிக்ஸலாகக் குறைத்து, கடைசியில் ஜேபெக் (ஜேபிஜி) படத்தின் தரத்தை மாற்ற வேண்டும். பிக்ஸலைத் தொடாமல் தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது முன்னோட்டத்தை இயக்கினால் கேபி அங்கேயே தெரியும். 20க்குக் கீழே போனால் தரத்தை ஏற்றட்டும். பிஎன்ஜி படத்தின் பெயரில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் வகை மாறாது என்பதையும் செய்து காட்டுங்கள்.

'இதெல்லாம் குமாஸ்தா வேலை, கோடிங் சொல்லிக் கொடுக்க வேண்டாமா' என்று கேட்பவர்களுக்கு: கொடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, தன் சான்றிதழையும் பாஸ்வேர்டையும் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கும் பிள்ளைக்கு இதுதான் முதல் தேவை. விழா நாளில் ரோபோ கிட்டை மேசையில் பரப்பிப் படம் எடுத்துவிட்டு மறுநாள் பூட்டி வைக்கும் வழக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். சாவியை ஆசிரியரிடம் கொடுக்காத ஆய்வகம் யாருக்கு?

30 பேர் என்றால் ஒரு லேப்டாப்புக்கு ஐந்து பேர். கெட்டிக்காரப் பையன் மவுஸைப் பிடித்தால் விடமாட்டான், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மற்றவர்கள் வாயால் சொல்லலாம், கை வைக்கக்கூடாது.