விண்டோஸ் 11க்கு மாறியதும் செஸ் என்ஜின் படுத்துகிறதா? கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம்: "11க்கு மாத்தினேன், என்ஜின் மக்கர் பண்ணுது." என்ஜின் என்றால் செஸ் நிலையை ஆராய்ந்து நல்ல நகர்வைச் சொல்லும் நிரல். உண்மையில் அது மக்கர் செய்வது அபூர்வம். விண்டோஸ்தான் அதைச் சந்தேகப்பட்டு வாசலிலேயே நிறுத்துகிறது, இல்லையென்றால் உள்ளே விட்டு ஓரமாக உட்கார வைக்கிறது.

ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை இறக்கி, பலகை காட்டும் அரீனா மென்பொருளில் சேர்த்தேன். பெயர் தெரிகிறது, ஆனால் யோசிக்கவே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. (பள்ளி ஆசிரியர், திருச்சி)

சார், அரீனாவை மூடிவிட்டு ஸ்டாக்ஃபிஷ் கோப்பையே நேராக இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

நீலப் பெட்டி வந்து தடுத்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் அதற்கு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. 'மோர் இன்ஃபோ', அப்புறம் 'ரன் எனிவே'. இதைவிட நல்ல வழி, ஜிப்பைப் பிரிப்பதற்கு முன்பே அதன் பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்துவிடுவது. ஸ்டாக்ஃபிஷின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கறுப்புச் சன்னல் பளிச்சென்று வந்து மறைந்தால், உங்கள் பிராசஸருக்குப் பொருந்தாத கோப்பை இறக்கியிருக்கிறீர்கள். அடுத்த பதிலைப் பாருங்கள்.

சன்னல் திறந்து, பெயரைக் காட்டிவிட்டுக் காத்திருந்தால் என்ஜின் நலம். அரீனாவில் சேர்க்கும்போது யுசிஐ என்பதற்குப் பதிலாக வின்போர்டு வகையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். என்ஜினும் பலகையும் பேசிக்கொள்ளும் வேறு வேறு பாஷைகள் இவை. ஸ்டாக்ஃபிஷுக்கு யுசிஐ மட்டும்தான் தெரியும்.

ஸ்டாக்ஃபிஷ் தளத்தில் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 என்று ஏகப்பட்ட கோப்புகள் இருக்கின்றனவே, எதை எடுப்பது? என்னிடம் இருப்பது ரைசன் 5 3600. (கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, இவை பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைத் தொகுப்புகளின் பெயர்கள். உனக்கு ஏவிஎக்ஸ்2. பிஎம்ஐ2 தான் 'பெரியது' என்று நினைத்து அதை எடுத்துவிடாதே. அதுவும் ஓடும், பிழை எதுவும் வராது, ஆனால் மெதுவாக ஓடும். யானையும் மந்திரியும் எந்தக் கட்டங்களைத் தாக்குகின்றன என்று தேட அந்தக் கோப்பு பயன்படுத்தும் ஒரு கட்டளை, ஜென் 3 தலைமுறைக்கு முந்தைய ரைசன்களில் (உன்னுடையது ஜென் 2) ஆமை வேகம். ஜென் 3 முதல் அந்தக் குறை இல்லை. இன்டெல் கோர் வரிசையில் பிஎம்ஐ2 தாராளமாக எடுக்கலாம். 'விண்டோஸ் 11 ஏறிய கணினி, எல்லாம் ஓடும்' என்றும் நம்ப முடியாது: பழைய பென்டியம், செலரான் சிலவற்றில் ஏவிஎக்ஸ்2வே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்இ4.1 பாப்கவுன்ட் கோப்பை எடுக்க வேண்டும்.

அண்ணா, என் லேப்டாப் ஐ5-1240பி. பலகைச் சன்னலை மினிமைஸ் செய்தால் வேகம் பாதியாகிவிடுகிறது. திரும்பத் திறந்தால் சரியாகிவிடுகிறது. வைரஸா? (மென்பொருள் துறை, சென்னை)

வைரஸ் இல்லை. உங்கள் சிப்பில் 4 பெரிய கோர், 8 சின்ன கோர். கண்ணெதிரே இருக்கும் சன்னலின் வேலையைப் பெரியவற்றுக்கும், பின்னால் கிடப்பதைச் சின்னவற்றுக்கும் தள்ளிவிடுவது விண்டோஸ் 11இன் சுபாவம். பாட்டுப் பாடும் செயலிக்கு அது போதும். என்ஜினுக்கோ எந்நேரமும் முழுப் பசி. அதற்கென்று சொந்தமாகச் சன்னலும் கிடையாது, அதனால் 'பின்னணி வேலை' என்ற முத்திரை சுலபமாக விழுந்துவிடும்.

சார்ஜரைச் செருகி, செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். இரவு முழுக்க ஆய்வுக்கு விடும்போது சன்னலை மினிமைஸ் செய்யாமல் அப்படியே விடுங்கள். என்ஜினைக் குறைந்த முன்னுரிமையில் துவக்கும் வசதி சில பலகை மென்பொருள்களில் உண்டு. அது ஆனாக இருந்தால் அணையுங்கள்.

கண்ணால் கணக்குப் போடாதீர்கள், அளந்து பாருங்கள். ஸ்டாக்ஃபிஷைத் தனியாகத் திறந்து, ஆங்கில எழுத்தில் பெஞ்ச் (bench) என்று அடித்து, இடைவெளி விட்டு 256 8 20 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 256 எம்பி ஹாஷ் (பார்த்த நிலைகளை என்ஜின் நினைவில் வைக்கும் இடம்), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 20 ஆழம். வரிகள் ஓடி முடிந்ததும் கடைசியில் நொடிக்கு எத்தனை நிலைகள் பார்த்தது என்ற எண் வரும். ஒரு முறை சன்னலைத் திறந்து வைத்து, ஒரு முறை மினிமைஸ் செய்து ஓட்டி, இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்த எண்ணை ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். வீட்டில் பால் கணக்கும் அதே நோட்டில்தான்.

அப்டேட்டுக்குப் பிறகு டேட்டாபேஸ் காணோம் என்கிறது. டாக்குமென்ட்ஸில்தான் வைத்திருந்தேன். (மதுரை)

தொலையவில்லை. டாக்குமென்ட்ஸை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்திருக்கும். அதனால் முகவரி மாறிவிட்டது, பலகை மென்பொருள் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டுகிறது. சி டிரைவில் செஸ் என்று ஒரு ஃபோல்டர் திறந்து என்ஜின், ஆட்டங்கள், எண்ட்கேம் கோப்புகள் எல்லாவற்றையும் அங்கே கொண்டு போய்விடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸும் வேண்டாம், பழைய என்ஜின்களால் அங்கே தங்கள் குறிப்புகளை எழுத முடியாது.

ஃபோல்டர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். நான் ஆசையாக 'சதுரங்கம்' என்று தமிழில் வைத்து, ஒரு பழைய என்ஜின் தன் கோப்பையே கண்டுபிடிக்க முடியாமல் விழிக்க, அரை நாள் போனது.

ஹாஷ் எவ்வளவு? 8 ஜிபி ராம்.

1024 எம்பி. பேராசைப்பட்டு 6 ஜிபி கொடுத்தால் ராம் போதாமல் விண்டோஸ் வட்டைப் போட்டு உருட்ட ஆரம்பிக்கும்.

லீலா என்ற என்ஜினும் போடலாமா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

போடலாம், ஆனால் ஊர்ந்துதான் போகும். அது கார்டை நம்பிப் பிறந்த என்ஜின். கார்டு வாங்கும்வரை ஸ்டாக்ஃபிஷே போதும்.

அப்பா 90களில் விளையாடிய டாஸ் செஸ் புரோகிராம் எங்கள் பழைய 32 பிட் விண்டோஸ் 10இல் ஓடியது. புதுக் கணினியில் ஓடவில்லை. அவருக்கு அதுதான் வேண்டுமாம். (தஞ்சாவூர்)

விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட்டில் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடாது. பழைய டாஸ் கணினியைப் போல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் இலவசம், அதற்குள் ஓட்டுங்கள். மிக வேகமாக ஓடினால் கன்ட்ரோல் எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். இல்லாவிட்டால் அப்பா அந்தக் காலத்தில் ஜெயித்த லெவலிலேயே இப்போது தோற்பார், அப்புறம் பழி உங்கள் மேல் விழும்.

புதிதாக வாங்கிய லேப்டாப்பில் 'ரன் எனிவே' என்ற பொத்தானே வரவில்லையே?

தெரியாத நிரல்களைத் தடுக்கும் ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் ஆனில் இருக்கிறதா பாருங்கள், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருக்கும். 10இலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, புதிதாக நிறுவியவற்றில்தான் வரும். ஒரு என்ஜினுக்கு மட்டும் விலக்கு கொடுக்க அதில் வழியில்லை. அதை முழுவதும் அணைப்பதா என்பது அந்த லேப்டாப்பில் வேறு என்னென்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வங்கி வேலையும் அதிலேயே என்றால், நான் அணைக்க மாட்டேன். செஸ்ஸுக்குப் பழைய கணினியையே வைத்துக்கொள்வேன்.