ஷெங்கன் நாடுகளில் '180 நாளில் 90 நாள்' விதியை எப்படிக் கணக்கிடுவது?

குறுகிய கால விசாவில் (அல்லது விசா தேவைப்படாத கடவுச்சீட்டில்) போகிறவர், எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதிக்குள் (29 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த பகுதி) இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. குழப்பம் 'எந்த' என்ற சொல்லில்தான்.

மாதம் பிறந்ததும் புதிதாகத் தொடங்கும் கணக்கு அல்ல இது. ஓடும் ரயிலின் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு மரம் தெரிய வரும்போது பின்னால் ஒன்று மறையும். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்து, அன்றையும் சேர்த்து 180 நாள் எண்ணுவார்கள். லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்துவிட்டால் 90 தீர்ந்தது. மறுபடி நுழைய ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஏன் 29 நாடுகளுக்கும் ஒரே கணக்கு? அவற்றுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனை இல்லை. அதனால் பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குப் போனாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். படிப்பு, வேலை என்று நீண்ட காலம் தங்க அந்தந்த நாடே தரும் 'டி' வகை விசாவோ வதிவிட அனுமதியோ வேண்டும். அந்த நாட்டில் அப்படித் தங்கும் நாட்கள் இந்த 90-இல் சேராது.

அப்புறம், ஐந்தாண்டு பலமுறை நுழைவு விசா கிடைத்தால் ஐந்தாண்டும் அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எத்தனை ஆண்டு வரை போய்வரலாம் என்பதைத்தான் சொல்கிறது, 90 நாள் வரம்பு அப்போதும் அப்படியே இருக்கும்.