மூன்றாவது சுற்றுக் காப்பி

அன்புள்ள ஐயாவுக்கு,

எத்தியோப்பியாவில், ஜிம்மாவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தன்னார்வலராகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான். பள்ளிக்கு விடுமுறை வருகிறது, மழையும் பிடித்துவிட்டது. பிள்ளைகள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்கிறார்கள். "அடுத்த வருஷம்" என்று சொல்லிவிடத்தான் வாய் வருகிறது. நான் குடியிருக்கும் வீட்டு அம்மா எனக்காகக் கனத்த பருத்திப் போர்வை ஒன்று நெய்யக் கொடுத்திருக்கிறார். அவர் கையில் அவ்வளவு பணம் கிடையாது. வாங்குவதா, மறுப்பதா? அழுகை, ஆர்ப்பாட்டமெல்லாம் எனக்கு ஒத்துவராது. யாரிடமும் சொல்லாமல் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கார்ப்ஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக எல்லா நாடுகளிலிருந்தும் தன்னார்வலர்களை ஒரே சமயத்தில் திரும்ப அழைத்தது. சுமார் 60 நாடுகள், ஏறத்தாழ 7000 பேர். மூட்டை கட்டப் பலருக்கு ஓரிரு நாள்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ள முடியாமல் விமானம் ஏறியவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு முழுசாக இரண்டு வாரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். வாத்தியார்களை வழியனுப்பி எத்தியோப்பியாவுக்கு நல்ல பழக்கம். பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். 1962இல் ஹாரிஸ் வோஃபோர்டு தலைமையில் வந்த முதல் பீஸ் கார்ப்ஸ் அணியில் மட்டும் 200 பேருக்கு மேல். பெரும்பாலோர் ஆசிரியர்கள். 1974 புரட்சிக்குப் பின், 1977இல் பீஸ் கார்ப்ஸும் வெளியேறியது. உங்கள் ஊர்ப் பெரியவர் யாருக்காவது ஓர் இந்திய வாத்தியார் இயற்பியல் நடத்தியிருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். நீங்கள் போவதால் ஊர் இடிந்து உட்கார்ந்துவிடாது. பிரிவு உங்களுக்குத்தான் புதிது.

சொல்லிக்கொள்வதற்கு அவர்களிடமே முறை இருக்கிறது. வீடு வீடாகப் போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், காப்பி நேரம் பிடிக்கும். (உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் கொட்டையைக் கழுவி, கரியடுப்பில் வறுத்து, அந்தப் புகையை விருந்தாளியின் முகத்தருகே கொண்டுவந்து காட்டுவார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்னும் மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. அதே தூளில் திரும்பத் திரும்பத் தண்ணீர் விடுவதால், மூன்றாவது சுற்று நம்மூர்க் கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி ரசம் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஆசீர்வாதம் அதில்தான். அதற்கு முன்னால் எழுந்துவிட்டால் மரியாதை இல்லை. அவ்வளவு நேரமும் மழை, காப்பிக் கொட்டை விலை, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்றே பேச்சு ஓடும். ஓடட்டும். நீங்கள் கிளம்புவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமலே சொல்லிக்கொண்டதாகிவிடும். உங்களைப் போலக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட வசதியான முறை கிடைக்காது.

போர்வையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், எனக்குக் கொடுக்கிற அளவுக்கு உனக்கு வசதி இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். பதிலுக்குப் பணம் நீட்டவும் வேண்டாம். அடுப்பு, பாத்திரம், மெத்தையெல்லாம் அவருக்கு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். புத்தகங்கள் பள்ளிக்கு. கடைசி நாள் வாசலில் வைத்துப் பங்கு போட்டால் சண்டை வரும், நீங்கள் வந்துவிடுவீர்கள், அந்தச் சண்டை அங்கேயே இருக்கும்.

பிள்ளைகளிடம் "தெரியாது" என்றே சொல்லுங்கள். அதைத் தாங்கிக்கொள்வார்கள். "அடுத்த வருஷம்" என்று சொல்லிவைத்தால், செப்டம்பரில் பள்ளி திறந்ததும் வாசலைப் பார்ப்பார்கள். படிப்புச் செலவை ஏற்கிறேன் என்று அழுகைக்கு நடுவே யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். செய்வதானால் ஊர் வந்து, உங்கள் வரவு செலவைப் பார்த்து, பள்ளி மூலமாகச் செய்யுங்கள்.

திரும்பி வந்ததும், "நான் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம்" என்று ஃபேஸ்புக்கில் எழுதத் தோன்றும். எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கண்டாலே எரிச்சல். கணக்கை அவசரமாக நேர் செய்துகொண்டு எழுந்துபோகிற தோரணை அதில் இருக்கிறது. நீங்கள் கணக்கு டீச்சர். எந்தப் பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு பிடிபட்டது, யார் இன்னும் பின்னத்திலேயே தடுமாறுகிறார்கள் என்று அடுத்து வருகிறவருக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். மிச்சமிருக்கும் வகுப்புகளை உள்ளூர் ஆசிரியரே நடத்தட்டும், நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அவர் முன்னால் நிற்பதைப் பிள்ளைகள் நீங்கள் இருக்கும்போதே பார்த்துப் பழகட்டும்.

அப்புறம் போன். வந்த முதல் மாதம் தினமும் பேசிவிட்டு ஆறாம் மாதம் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். செப்டம்பர் 11 அவர்களுக்குப் புத்தாண்டு. ஜிம்மாப் பக்கம் முஸ்லிம்களும் நிறைய. வீட்டு அம்மாவுக்கு எது பண்டிகையோ அந்த நாளில் ஐந்து நிமிடம் கூப்பிடுங்கள். அதற்குள் மொழி பாதி மறந்திருக்கும், பரவாயில்லை, மாடு கன்று போட்டதா என்று கேட்கத் தெரிந்தால் போதும்.