கருப்பையைச் சுரண்டினால் கரு ஒட்டுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. போன வருடம் ஐவிஎஃப் செய்தோம், கரு ஒட்டவில்லை. உறைய வைத்த கரு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வைப்பதற்கு முந்தைய மாதம் கருப்பை உட்சுவரை லேசாகச் சுரண்டிவிட்டால் நன்றாக ஒட்டும் என்கிறார்கள். ‘ஸ்க்ராட்சிங்’காம், அதற்குத் தனிக் கட்டணம். நகையை அடகு வைத்துத்தான் இதுவரை வந்திருக்கிறோம். இதைச் செய்யாமல் விட்டு மறுபடியும் தோற்றால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். கரு வைத்த பிறகு பதினைந்து நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்கிறார் மாமியார். அது சரியா?
பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சுரண்ட வேண்டாம், அம்மா. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

என்ன செய்வார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது, பைப்பெல் என்போம். அதைக் கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, நடுவில் இருக்கும் குச்சியைப் பின்னுக்கு இழுத்தால் உறிஞ்சும். அப்படியே சுழற்றி, முன்னும் பின்னும் நகர்த்துவோம். பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. ஓரிரு நிமிடம்தான், ஆனால் அந்த நேரத்தில் மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும் கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

காயம் ஆறும்போது உட்சுவர் கருவை ஏற்கத் தயாராகும் என்பதுதான் எண்ணம். 2003-ல் இஸ்ரேலில், ஏற்கெனவே ஐவிஎஃப் தோற்ற 134 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. உட்சுவரில் திசு எடுக்கப்பட்ட 45 பேரிடம் குழந்தை பிறந்த விகிதம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். உலகம் முழுக்க டாக்டர்கள் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன், செய்தேன். 45 பேரை வைத்துச் சொல்லக்கூடிய விஷயமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்டவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகக் குழுவினர். ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். புதுக் கரு வைத்தவர்களும் உண்டு, உங்களைப் போல உறைந்த கரு வைத்தவர்களும் உண்டு. 2019-ல் முடிவு வந்தது. சுரண்டிய 690 பேரில் 180 பேருக்குக் குழந்தை பிறந்தது, சுரண்டாத 674 பேரில் 176 பேருக்கு. கணக்குப் போட்டால் இரண்டுமே 26.1 சதவீதம். அன்றோடு நான் நிறுத்திவிட்டேன்.

நெதர்லாந்தில் உங்களைப் போல ஒருமுறை தோற்றவர்களிடமே சோதித்தார்கள். சுரண்டியவர்களிடம் குழந்தை பிறந்தது சற்றே கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். 2023-ல் பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சிறு நன்மை இருக்கலாம் என்கிறார்கள். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் அடகு வைத்த நகைக்கு மேல் இன்னொரு நகை வைக்கும் அளவுக்கு அதில் உறுதி இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கருப்பைக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவும் இதே குழாயால்தான் திசு எடுப்போம். குழந்தையில்லாமல் வரும் பெண்களிடம் நம் நாட்டில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. அது பரிசோதனை, திசு லேபுக்குப் போகும், ரிப்போர்ட் வரும். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். “டாக்டர், இது டெஸ்டுக்கா, ஒட்டுவதற்கா?” என்று நேராகவே கேளுங்கள்.

மன்னிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கரு ஒட்டாமல் போவதற்குப் பல நேரம் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம், சுரண்டினால் அது சரியாகாது. போன வருடம் நீங்கள் எதையும் செய்யாமல் விட்டதால் தோற்கவில்லை. சுரண்டாமலே 176 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அம்மா.

மாமியார் அக்கறையில் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கரு வைத்ததும் எழுந்து பாத்ரூம் போகலாம், வீட்டுக்கு நடந்தே போகலாம், மறுநாள் சமைக்கலாம். மருந்தை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.