அண்ணாச்சி பதில்கள்: சுவருக்கு வெள்ளையடிக்கிற பயல் கோயிலுக்கு ஏன் வரல?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூணு நாள் ஊரே கூடுது, சென்னை, மும்பைன்னு போனவன் எல்லாம் லீவு போட்டு வந்துருதான். நாலாவது நாள் பந்தல் பிரிக்க ஆள் கெடையாது, வருசம் முச்சூடும் கோயில் முத்தத்தப் பெருக்குறது நாங்க நாலு கெழவனுவதான். ஆனா எலெக்சன் வந்தா அதே பயலுவ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து சுவருக்கு வெள்ளையடிச்சு சின்னம் வரையுதானுவ, அஞ்சு பைசா வாங்காம செய்யுறவனும் அதுல உண்டு. சாமிக்கு வராத வேகம் கட்சிக்கு மட்டும் எங்கேருந்து வருது?
(கோயில் கமிட்டிக்காரர், களக்காடு)

பதில்: ஐயா, அந்தப் பயல்கிட்ட யாரோ ஒருத்தர் வீட்டுக்கே வந்து "ஏல, கெழக்குத் தெரு சுவரு உன் பொறுப்பு, நீதான் பாத்துக்கிடணும்"னு பேரைச் சொல்லி கேட்டிருக்காவ. கோயில் முத்தத்தப் பெருக்க அவன்ட்ட யாரு கேட்டா? மைக்குல "பக்தகோடிகள் அனைவரும் வந்து ஒத்துழைப்பு தரவும்"னு சொல்லியிருப்போம். அனைவரும்னா யாரும் இல்லன்னு அர்த்தம். எல்லாருக்கும் சொன்ன வேலைய எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் செய்வான்னு விட்டுருவாவ.

நம்ம ஜில்லாவுலயே இதுக்கு ஒரு பெரிய பாடம் இருக்கு. 1906ல வ.உ.சி தூத்துக்குடில சுதேசி ஸ்டீம் நாவிகேசன் கம்பெனி ஆரம்பிச்சப்ப மூலதனம் 10 லட்சம் ரூவாய்னு வச்சாவ, ஆனா அதை பத்து பணக்காரன்ட்ட போய் நின்னு வாங்குறதா யோசிக்கல, 25 ரூவா பங்கா 40,000 பங்குன்னு பிரிச்சாவ. 25 ரூவாய்ங்கிறது அன்னைக்கு சின்னத் தொகை இல்ல, ஆனா ஒரு கடைக்காரரோ வக்கீலோ மனசு வச்சா போடக்கூடிய தொகை, அப்படி போட்டவனுக்கு அந்தக் கப்பல் "அவுக கப்பல்" இல்ல, "என் கப்பல்". வெள்ளக்காரக் கம்பெனி டிக்கெட்ட குறைச்சு குறைச்சு, கடைசில சும்மாவே ஏத்திட்டுப் போறோம், கூட ஒரு குடையும் தாரோம்னு கூப்பிட்ட கதை உங்களுக்கே தெரியும். ரெண்டு கம்பெனியும் ஆளைத்தான் கூப்பிட்டுது, ஒண்ணு குடை தாரேன்னு கூப்பிட்டுது, இன்னொண்ணு நீ 25 ரூவா குடுன்னு கூப்பிட்டுது. நூறு வருசம் கழிச்சு நாம எந்தக் கம்பெனி பேரை பிள்ளைகளுக்கு சொல்லிக்குடுக்கோம்?

அதைவிட எனக்குப் பிடிச்சது 1908 சங்கதி. பிப்ரவரி கடைசில தூத்துக்குடி கோரல் மில்லுல வேலைநிறுத்தம். தொழிலாளிதான் நிறுத்தினான், ஆனா ஊரு சும்மா இருக்கல, ஸ்டிரைக்குக்கு எதிரா பேசின ஒரு பெரிய மனுசருக்கு சவரம் பண்ணிட்டிருந்த தொழிலாளி பாதி முகத்தோட விட்டுட்டு எழுந்து போயிட்டாருன்னு இன்னைக்கும் சொல்லுவாவ. மார்ச் 12ல வ.உ.சியையும் அவரு கூட்டாளி சுப்பிரமணிய சிவாவையும் போலீஸ் பிடிச்சதும் மறுநாள் திருநெல்வேலியே எரிஞ்சுது, துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாவ. எரிச்சதை நான் பெருமையா சொல்ல வரல. அந்தக் கத்தியைக் கீழ வச்ச மனுசரைப் பாருங்க. அவருக்கு மேடை இல்ல, பதவி இல்ல, யாரும் அவருக்கு உத்தரவு போடல, தன் கையில இருந்த தொழிலையே தன்னோட பங்கா ஆக்கிட்டாரு. ஒரு இயக்கம் வளருதான்னு பாக்கணும்னா மேடையில எத்தனை பேருன்னு பாக்கக் கூடாது, இந்த மாதிரி தானா வேலை கண்டுபிடிச்சவன் எத்தனை பேருன்னுதான் பாக்கணும்.

இனி கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. நம்ம கோயில்கள்லயும் ஆளுக்கொரு வேலை உண்டுதான், பந்தம் பிடிக்க ஒருத்தர், கொட்டு அடிக்க ஒருத்தர், பரிவட்டம் கட்டிக்கிட ஒருத்தர், ஆனா அதெல்லாம் பொறப்புலயே முடிவாயிட்டு. கட்சில சேந்த பயல் பிடிச்ச வேலைய எடுத்துக்கிடுதான், கோயில்ல அவன் தாத்தாவுக்கு என்ன இடமோ அதான் அவனுக்கும். அதுக்கும் மேல, சில ஊர்கள்ல சில தெருக்காரங்கள்ட்ட தலைக்கட்டு வரியே, அதான் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கோயிலுக்குப் பிரிக்கிற பணத்தையே, வாங்க மாட்டாவ. வரி வாங்கலன்னா ஏதோ சலுகை பண்ணுத மாதிரி தெரியும், நெசத்துல அது "நீ எங்க ஆளு இல்ல"ன்னு முகத்துக்கு நேரா சொல்லுறது. வரி குடுக்க விட்டாத்தான் மனுசன் கேள்வி கேப்பான், கேள்வி கேட்டாத்தான் ஒட்டுவான். 19ஆம் நூற்றாண்டுலயே அய்யா வைகுண்டர் இதைப் புரிஞ்சிருந்தாரு, கோயில் வாசல்ல நிக்கவிடாத சனங்களை தலைப்பாகை கட்டிட்டு வந்து கும்பிடச் சொன்னாரு, துவையல் பந்தில எல்லாரையும் ஒண்ணா வச்சு துவைச்சு குளிச்சு சமைச்சு சாப்பிட வச்சாரு. நம்ம பக்கம் ஊருக்கு ஊரு அவரு வழி வந்தவங்க கும்பிடுற நிழல் தாங்கல் எழும்பி இருக்குன்னா, கல்லையும் மண்ணையும் அந்த சனங்களே சுமந்ததாலதான்.

உங்க ஊர்ல எத்தனை தலைக்கட்டுன்னு ஒரு நோட்டு இருக்கும்லா, அதை எடுங்க. ஒரு தெருவை ஒரு பயல்ட்ட குடுங்க. கூடவே கணக்கையும் குடுங்க, வேலைய மட்டும் குடுத்துட்டு சாவிக் கொத்தை இடுப்புல வச்சிருந்தா அவன் நாலு நாள்ல ஓடிருவான்.

கேள்வி: அண்ணாச்சி, நான் எங்க சபையில வாலிபர் பிரிவுல இருக்கேன். பாட்டுப் போட்டி, வினாடி வினா, கலர் லைட்டு, கீபோர்டுன்னு எங்களுக்காக என்னென்னமோ செய்யுதாங்க, ஆனா படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் யாரும் திரும்பி வரதில்ல. இன்னும் நல்லா ப்ரோக்ராம் பண்ணணுமா?
(ஒரு வாசகி, நாசரேத்)

பதில்: வேண்டாம் தாயி. உங்களுக்காக செய்யுறதை கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, உங்கள்ட்ட கேக்குறதை கூட்டச் சொல்லுங்க.

நான் ஏழாவது படிக்கையில எங்க தெரு முக்குல ஓலை வேய்ஞ்ச படிப்பகம் ஒண்ணு இருந்துது, ஒரு பெஞ்சு, ஒரு பல்பு, ரெண்டு கட்சிப் பேப்பர். சாயங்காலம் எழுத்து தெரியாத பெரியவங்க வந்து உக்காருவாவ, என்னைத்தான் சத்தமா வாசிக்கச் சொல்லுவாவ. டவுசர் போட்ட பயல் நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அறுவது வயசு ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாவ, வெளிநாட்டு ஊர்ப் பேரை நான் தப்பா வாசிச்சாலும் யாரும் சிரிக்கல. அந்தக் கட்சில நான் பொறவு சேரல, கொள்கைல எனக்கு வேற எண்ணம் வந்துட்டு. ஆனா நான் இல்லன்னா இன்னைக்கு இவங்களுக்கு சேதி கெடைக்காதுங்கிற நெனப்பு இருக்கே, அது இன்னைக்கும் என் முதுகை நிமித்தி வைக்குது. ஒரு பரிசுக் கப்பு அதைச் செய்யாது.

உங்க சபை வரலாறுலயே இதுக்கு ஆதாரம் இருக்கு, தேடி எங்கயும் போக வேண்டாம். 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாங்க, வ.உ.சி கப்பலுக்கு மூணு வருசம் முந்தி. அதுக்கு முன்னால நின்னவர் வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா, அப்ப அவருக்கு முப்பது வயசு கூட ஆகல. இந்திய ஆளுங்க, இந்தியப் பணம், இந்திய நிர்வாகம், இந்த மூணுந்தான் அவங்க கொள்கை. அதுவரைக்கும் சீமையிலருந்து பணம் வரும், துரை வருவாரு, நம்ம ஆளுங்க வாங்கிக்கிடுறவங்களா இருந்தாங்க. திடீர்னு பனையேறி சம்பாதிக்கிற சனங்களைப் பாத்து, தெலுங்கு தேசத்துக்கு நீங்க ஆள் அனுப்பணும், நீங்கதான் காணிக்கை போடணும்னு கேட்டதும் அவங்க குடுத்தாங்க, அங்க தோர்ணக்கல்லுங்கிற ஊருக்கு ஆள் போச்சு. அசரியாவே 1912ல அங்க பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். நிர்வாகம்ங்கிற மூணாவது வார்த்தையைத்தான் நாம அடிக்கடி மறந்துருதோம். ஆளும் பணமும் வாலிபர்ட்ட கேப்போம், நிர்வாகம்னா "நீங்க சின்னப் பிள்ளைங்க"ன்னு சொல்லிருவோம்.

சபையே ஒண்ணா சமைச்சு சாப்பிடுற அசனப் பண்டிகை ராத்திரியை நெனச்சுப் பாரு. ஒரு பக்கம் காய் வெட்டு, ஒரு பக்கம் தேங்காய் துருவல், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையும் மாடு மேய்க்கிற தாத்தாவும் ஒரே பாய்ல உக்காந்து வெங்காயம் உரிக்காவ. வெளியூர் போன எந்தப் பிள்ளையக் கேட்டாலும் பாட்டுப் போட்டிய சொல்லாது, அந்த ராத்திரியத்தான் சொல்லும். அதை வருசத்துக்கு ஒரு ராத்திரியோட நிறுத்திட்டோமேன்னுதான் எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு. 2011ல இடிந்தகரையில லூர்து மாதா கோயில் முன்னால பந்தல் போட்டு கூடங்குளம் அணு உலைக்கு எதிரா உக்காந்தாங்கல்லா, நான் போய் பாத்தேன். பொம்பளைங்க பீடித் தட்டை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டே உக்காந்திருந்தாங்க, மீன் பிடிக்கப் போனவங்க வருமானத்துல ஒரு பங்கை போராட்டத்துக்கு வச்சாங்க, கோயில் மணி அடிச்சா ஊரே வந்துரும். வயித்துப் பொழப்பை விட்டுட்டு வான்னு யாரும் கேக்கல, பொழப்போடயே வான்னு கேட்டாங்க, அதான் அத்தனை மாசம் தாங்குச்சு. 2012 செப்டம்பர் 10ல கடற்கரையில போலீஸ் கண்ணீர்ப்புகை போட்ட பொறவும் பந்தல் காலியாகல. உலை பொறவு ஓடத்தான் செஞ்சுது, அந்த வலி அந்த ஊருக்கு இருக்கு. ஆனா அதுவரைக்கும் கோயில்ல பின்வரிசையில முக்காடு போட்டு உக்காந்த அக்காமாருங்க மைக்கைப் பிடிச்சு பேசுனதை நான் கண்ணால பாத்தேன். அவங்களுக்குள்ள அவ்வளவு பேச்சு இருந்துதுன்னு அவங்க கோயிலுக்கே அதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகம். உங்க சபைக் கமிட்டில பொம்பளைங்க எத்தனை பேரு தாயி? முதல்ல அதை எண்ணிப் பாருங்க.

கேள்வி: கட்சிக்காரன் எதிரியைக் காட்டித்தான் ஆள் சேக்கான். அதையும் ஜமாஅத்துகளும் கோயில்களும் கத்துக்கிடணும்னு சொல்லுதீங்களா?
(மேலப்பாளையம் வாசகர்)

பதில்: இல்லவே இல்ல பாய். எதிரியைக் காட்டினா கூட்டம் சீக்கிரம் கூடும், உண்மைதான், ஆனா நாளைக்கு எதிரி போதலன்னா உள்ளுக்குள்ளயே ஒருத்தனைத் தேடும். சில இடங்கள்ல கமிட்டி எலெக்சனுக்கு கட்சிக்காரன் மாதிரியே வேன் வச்சு ஆள் ஏத்துறது, பிளெக்ஸ், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் வந்துட்டு, நல்லதை விட்டுட்டு இதைக் கத்துக்கிட்டோம். நான் சொல்லுறது வீடு வீடா போறது, சின்னதா ஆளுக்கொரு பொறுப்பு குடுக்கிறது, மாசம் ஒரு தடவை வட்டமா உக்காந்து கணக்கை சத்தமா வாசிக்கிறது. இதுக்கு எதிரி தேவையில்ல. உங்க ஊர்ல மையத்து விழுந்தா, அதான் ஒரு சாவு நடந்தா, யாரும் கூப்பிடாமலே குழி வெட்ட வந்து நிக்கிற பையன்க இருக்காங்கல்லா, அவங்களை எந்த எதிரி சேத்தான்?

கேள்வி: தோழர், நான் மில்லுல முப்பது வருசம் இருந்தவன், சங்கத்துலயும் இருந்தேன். எங்களைப் பாத்து கோயில்காரங்க கத்துக்கிடணும்னு எழுதுதீங்க, எங்க கிளைக் கூட்டத்துக்கே இப்ப ஏழு பேருதான் வாராங்க, அதுல அஞ்சு பேரு என் வயசு. எங்களுக்கு என்ன பதில்?
(ஓய்வுபெற்ற தொழிலாளி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: தோழர், உங்க கடுதாசிய மூணு தடவை வாசிச்சேன். 1908ல ஊரே எரிஞ்சது வ.உ.சிக்காக. ரெட்டை ஆயுள் தண்டனை, கோயமுத்தூர் ஜெயில்ல செக்கு, பொறவு அப்பீல்ல தண்டனை குறைஞ்சு 1912 டிசம்பர்ல கண்ணூர் ஜெயில்ல இருந்து வெளிய வந்தப்ப கூட்டம் இல்ல, சுப்பிரமணிய சிவா மட்டும் வந்து நின்னாரு. நாலு வருசத்துல ஒரு ஊரு அந்த மனுசனை மறந்துட்டு, கம்பெனியும் இல்ல, கப்பலும் இல்ல. இதை எழுதுறப்ப எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கி. இயக்கத்துக்கு வேகம் உண்டு, தோத்த பொறவு ஆளை வச்சுக்கிடத் தெரியாது. கோயிலும் பள்ளிவாசலும் சபையும் அதைத்தான் நூத்துக்கணக்கான வருசமா செஞ்சிட்டு வருது, தோத்தவன், கடன்காரன், படுக்கையில கெடக்கிறவன் எல்லாருக்கும் ஒரு விளக்கும் ஒரு பிடி சோறும் அங்க உண்டு. அதனால கத்துக்கிடுறது ஒரு பக்கமா நடக்கக் கூடாதுன்னுதான் நானும் நெனைக்கேன்.

ஆனா உங்கள்ட்ட ஒரு சொத்து இருக்கு. நம்ம ஸ்ரீவைகுண்டத்துல பொறந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயாவைப் பாருங்க, வருசக்கணக்கா ஜெயில்ல இருந்தவர், 80வது பிறந்தநாளுக்கு கட்சி திரட்டிக் குடுத்த 1 கோடி ரூவாயை அந்த மேடையிலயே கட்சிக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு, 2022ல அரசு தகைசால் தமிழர் விருதுன்னு 10 லட்சம் குடுத்தப்ப அதோட தன் காசு 5,000 ரூவாயையும் சேத்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் குடுத்தாரு. முன்னால நிக்கிறவன் வாங்குறவனா குடுக்கிறவனான்னு பயலுவ பாத்துக்கிட்டேதான் இருக்கானுவ, கட்சில இருந்தாலும் சரி, கருவறைக்குப் பக்கத்துல இருந்தாலும் சரி.

ஒரு வேலை கேக்கட்டுமா? களக்காட்டுக்காரர் நம்பரு நம்ம ஆபீஸ்ல இருக்கு, அவர்ட்ட கேட்டுட்டு உங்களுக்குத் தரச் சொல்லுதேன். ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி அங்க போயிட்டு வாங்க. சாமி கும்பிட வேண்டாம், அது உங்க இஷ்டம். கிளைக் கூட்டம் எப்படி நடத்துறது, வராத ஆளை வீட்டுல போய் எப்படிப் பாக்குறது, வரவு செலவை எப்படி நோட்டுல எழுதி எல்லாரும் கேக்க வாசிக்கிறது, இது மூணையும் அந்த நாலு பெரியவங்களுக்கும் சொல்லிக்குடுங்க. திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடுதாசி போடுங்க, அடுத்த இதழ்ல இடம் வச்சிருக்கேன்.