ஸ்பான்சர் வராத பாடகர்

கேள்வி: அமெரிக்காவில் டிவி வந்த புதிதில் நாட் கிங் கோல் என்ற பாடகர் நடத்திய பல்சுவை நிகழ்ச்சி ஒரு வருடம் சொச்சத்தில் நின்றுபோனதாம், ஒரு ஸ்பான்சர்கூடக் கிடைக்கவில்லையாம். பாடுகிறவர் பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது சாட்சிதானே? (வாசகர், நகரி)

பதில்: ஸ்பான்சர் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1956 நவம்பர் 5 அன்று என்பிசியில் கோலின் நிகழ்ச்சி தொடங்கியபோது வெறும் 15 நிமிடம். அடுத்த ஜூலையிலேயே அரை மணி நேரமாக்கினார்கள், நடத்தத் தெரியாதவருக்கு யாராவது நேரத்தைக் கூட்டிக் கொடுப்பார்களா? பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், பாடகர் ஹாரி பெலஃபாண்ட்டே மாதிரிப் பெரிய ஆட்கள் அவருக்காகச் சொற்பப் பணத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். ஆனால் நாடு முழுக்கச் சரக்கு விற்கிற எந்தக் கம்பெனியும் வரவில்லை. கறுப்பர் நடத்தும் நிகழ்ச்சியில் தங்கள் பெயர் தெரிந்தால் தென் மாநில வெள்ளைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று பயம். 1957 டிசம்பர் 17-ஓடு முடிந்தது. மேடிசன் அவென்யூ இருட்டைக் கண்டு பயப்படுகிறது என்றார் கோல், அது நியூயார்க்கில் அப்போது விளம்பரக் கம்பெனிகள் குவிந்திருந்த தெரு. குறை யாரிடம், சொல்லுங்கள்!

அந்தப் பழைய பதிவுகளைப் பாருங்கள். விரல்கள் பியானோவில் ஓடிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும், கட்டையைப் பார்ப்பதே இல்லை. அடிப்படையில் அவர் ஜாஸ் பியானோக்காரர். விருந்தாளி எந்த இடத்தில் மூச்செடுப்பார் என்று தெரிந்தவர்தான் அவரைப் பாடவும் வைக்க முடியும், பேசவும் வைக்க முடியும்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் எல்லைக்காரர், பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கோனேட்டம்பேட்டையில் பிறந்த எஸ்.பி.பி. 1996-ல் தெலுங்கு ஈடிவியில் 'பாடுதா தீயகா' என்ற பாட்டுப் போட்டி தொடங்கினாரே, சித்தூர், புத்தூர்த் தமிழ் வீடுகளில் அதைப் பார்க்காதவர் உண்டா? ஒரு பிள்ளை பாடி முடித்ததும் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று சொல்வார், உச்சரிப்பு பிசகினால் அந்த வரியைத் தானே பாடிக் காட்டுவார், பிள்ளையின் முகம் வாடாது. இது வேறு வேலையா என்ன? அவருடைய அப்பா சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். ஹரிகதையில் பாட்டு எது, பேச்சு எது என்று பிரித்துவிடுங்கள் பார்ப்போம்!

சரி, ஸ்பான்சருக்கு வருகிறேன். இங்கே ஜாத்திரைக் கச்சேரியில் பாடகர் சரணத்தின் உச்சியில் இருக்கும்போது மைக்கைப் பிடுங்கி, 'இந்தப் பாட்டை உங்களுக்கு வழங்குபவர்கள்' என்று நகைக்கடை, ஜவுளிக்கடை, ஃபைனான்ஸ் என்று வரிசையாக வாசிக்கிறார்கள். தபலாக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை நான் போன வருடம் எழுதப்போய் ஒரு கமிட்டிக்காரர் ஆபீசுக்கே சண்டைக்கு வந்தார். மறுபடியும் வரட்டும், மறுபடியும் எழுதுவேன். காசு கொடுத்தவர் பெயரைப் பந்தலில் ஆள் உயரத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நகரியில் உங்களுக்குக் கமிட்டியில் தெரிந்தவர் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். இந்த வருடம் அறிவிப்பை எல்லாம் அந்தப் பாடகரே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சொல்லட்டும்.